நாக்கும் மூக்கும்: விஸ்கி பீப்பாயில் கிடந்த கறுப்பு பீர்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நன்றாக வறுத்த காப்பிக்கொட்டைக்கும் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீருக்கும் வாசனையில் உறவு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். மதுரையில் காப்பிக்கொட்டை வறுத்து விற்பது என் தொழில். மணத்தை நம்பித்தான் பிழைப்பு. அந்த மூக்கை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் எடின்பரோவில் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது ‘ஓலா டூ 12’ என்ற கறுப்பு பீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். விஸ்கி பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்தது, அருமையானது என்றான். நானும் என் மைத்துனரும் ஒரு பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து நன்றாகக் கூலிங் ஏற்றிக் குடித்தோம். கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பையன் முகம் வாடிவிட்டது. இன்னொரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது? (வாசகர், திருநகர்)

பதில்: இன்னொரு பாட்டில் இருக்கிறதே, போதும். முதலில் அது ஃப்ரீசர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பீர் என்றால் கூலிங். கடை ஜன்னலில் கையை நீட்டும்போதே ‘கூலிங் இருக்கா?’ என்றுதான் கேட்கிறோம். இங்கே கிடைக்கிற லாகர் வகைக்கு அது சரியான கேள்விதான். மஞ்சள் நிறம், லேசான மணம், வெயில் நேரத்தில் ஜில்லென்று தொண்டையில் இறங்க வேண்டும். அதற்காகவே காய்ச்சுகிறார்கள். உங்கள் மகன் கொண்டுவந்ததோ முகர்ந்து முகர்ந்து, நேரம் எடுத்துக் குடிக்க வேண்டியது. மணம் தருகிற பொருள்கள் ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் மணம். ஃப்ரீசர் குளிரில் அவை கிளாஸுக்குள்ளேயே அடங்கிப்போகும். அதோடு, குளிர் ஏற ஏற நாக்குக்கு இனிப்பு மங்கும். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு மறைந்துபோனால் கசப்பும் துவர்ப்பும் தனியாக நிற்கும். நீங்கள் குடித்தது அதைத்தான். உங்கள் நாக்கிலும் குறையில்லை, பையன் சொன்னதிலும் குறையில்லை.

பாட்டிலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் நிற்கவைத்துவிடுங்கள். படுக்கவைக்க வேண்டாம், அடியில் வண்டல் இருந்தால் கலங்கிவிடும். குடிப்பதற்கு முன் வெளியே எடுத்து வைக்க வேண்டும். சித்திரை மாதமென்றால் இருபது நிமிஷம் போதும், மார்கழியில் அரை மணி நேரம். 10 முதல் 14 டிகிரி வரை வந்தால் சரி. தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கும், விரல் மரத்துப்போகாது. அதுதான் பதம்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறம் தெரியாது, வாய் அகலம் என்பதால் மணமும் நிற்காது. வயிறு பருத்து வாய் குறுகின கண்ணாடிக் கிளாஸ் வேண்டும். ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே போதும். பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை சோப்பின் வாசனை கிளாஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் முகர்ந்து பாருங்கள். எதுவும் மணக்கக் கூடாது. ஊற்றுவது மூன்றில் ஒரு பங்கு. மீதி இடம் மூக்குக்கு.

இதே பன்னிரண்டை எஸ்.எஸ். காலனியில் என் சித்தப்பா மகன் வீட்டு மொட்டைமாடியில் வைத்து நான் குடித்தேன். இருட்டின பிறகு, காற்று கொஞ்சம் வந்த நேரம். ஊற்றும்போதே தெரிந்தது, இது தண்ணீர் மாதிரி விழுகிற பீர் கிடையாது. கெட்டியாக, சத்தமில்லாமல் இறங்கியது. டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. நுரை பழுப்பு நிறம், மெல்லிசு, சீக்கிரம் அடங்கிவிட்டது. ஆல்கஹால் கூடின பீரில் நுரை அதிக நேரம் நிற்காது, அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வந்தது வறுத்த பார்லியின் மணம். என் கடையில் கொட்டை இரண்டாவது தடவை வெடிக்கிற நேரத்தில் எழும் வாசனைக்கு அது நெருங்கின சொந்தம். அதற்குக் காரணம் உண்டு. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், மால்ட்டை இரும்பு உருளைக்குள் போட்டுச் சுற்றிச் சுற்றி 200 டிகிரிக்கு மேல் வறுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் இந்தக் கரிய மால்ட் வந்தது. அதில் ஒரு கைப்பிடி சேர்ந்தாலே பீர் முழுக்கக் கறுத்துவிடும். உருளை, தீ, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துகிற பக்குவம் எல்லாமே என் தொழிலில் தினமும் பார்ப்பவை. அந்த பீரை முகர்ந்தபோது, அதை வறுத்த மனிதரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பத்து நிமிஷம் போனது. இப்போது பேரீச்சை, உலர்ந்த திராட்சை, கசப்புச் சாக்லேட். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிராம்பு லேசாக வந்தது. புகை கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. விழுங்கின பிறகு மூச்சை மூக்கு வழியாக வெளியே விட்டால் ஈர மண்ணில் விறகு எரிந்த வாசனை. அந்தப் புகை பீருடையதல்ல, அது விஸ்கி விட்டுப்போனது. ஓலா டூவை ஸ்காட்லாந்தின் ஆல்வா ஊரிலுள்ள ஹார்வீஸ்டவுன் ஆலை காய்ச்சுகிறது. இந்த பீரை 2007இல் தொடங்கினார்கள். ஆர்க்னி தீவிலுள்ள ஹைலண்ட் பார்க் விஸ்கியின் பீப்பாய்களில்தான் வைக்கிறார்கள். அந்தத் தீவில் மரம் அரிது. பீட் எனப்படும் சதுப்புநிலக் கட்டிகளை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். அந்தப் புகை விஸ்கிக்குப் போய், விஸ்கியிலிருந்து மரத்துக்குப் போய், மரத்திலிருந்து பீருக்கு வந்து, கடைசியில் மதுரையில் ஒரு மொட்டைமாடியில் என் மூக்குக்கு எட்டியது. பாட்டிலில் உள்ள 12 என்பது பீரின் வயதல்ல. அந்தப் பீப்பாய் முன்பு 12 வருஷ விஸ்கியைத் தாங்கியது என்று அர்த்தம்.

ஒரு வேண்டுகோள். மிச்சமிருக்கும் பாட்டிலை மகனோடு உட்கார்ந்து குடியுங்கள். அவனுக்கு 21 வயது ஆகியிருந்தால் மட்டும். ஒரு பாட்டில் 330 மில்லிதான், மூன்று பேருக்குத் தாராளம். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸின் கடைசி வாய்தான் இதில் உயர்ந்தது. அதுவரை பொறுத்தவருக்கே அது கிடைக்கும்.

கேள்வி: விஸ்கி பீப்பாயில் வைத்தது என்றால் விஸ்கியைக் கலந்துவிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? எங்கள் ஏரியாவில் பீரில் குவார்ட்டரை ஊற்றிக் குடிப்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் அண்ணே? (வாசகர், பழங்காநத்தம்)

பதில்: பெரிய வித்தியாசம் தம்பி. பீரில் விஸ்கியை ஊற்றினால் இரண்டும் சண்டை போடும், போதை மட்டும் ஏறும். பீப்பாய் விஷயத்தில் நடப்பது மரத்தின் வேலை.

அமெரிக்காவில் பர்பன் விஸ்கிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பாத்திரத்தில்தான் அதை வைக்க வேண்டும். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் வைக்க முடியாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கிற, இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய பீப்பாய்கள் அப்படியே வெளியே வந்துவிடுகின்றன. பெரும்பாலானவை ஸ்காட்லாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பல் ஏறும். கொஞ்சம் பீர் காய்ச்சுகிறவர்களிடம் போகும். 1990களில் சிகாகோ நகரத்தின் கூஸ் ஐலண்ட் ஆலை ஜிம் பீம் பீப்பாய்களில் கெட்டியான ஸ்டவுட்டை ஊற்றி வைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த வகை பரவியிருப்பதற்கு அதுதான் பெரிய தூண்டுதல்.

காலியான பீப்பாய் காலி கிடையாது. மரத்துக்குள் சில லிட்டர் விஸ்கி ஊறிக் கிடக்கும். நம் பக்கத்து மரச்செக்கில் பல வருஷம் எள் ஆட்டிய பிறகு, ஆட்டாத நாளில்கூட உரலைத் தொட்டால் விரலில் நல்லெண்ணெய் மணக்கும். அந்த மாதிரி. மாதக்கணக்கில் பீர் உள்ளே இருக்கும்போது, ஊறின விஸ்கி மெதுவாக வெளியே வரும், ஆல்கஹால் அளவும் கொஞ்சம் கூடும். ஆனால் அது சின்ன பங்குதான். ஓக் மரமே வேறு பல சாமான்களைக் கொடுக்கிறது. மரத்தின் லிக்னின் தீயில் உடைந்து வெனிலின் ஆகிறது, ஐஸ்கிரீமில் வருகிற அதே வெனிலா. லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை கொடுக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வெறும் தேங்காய் என்று எழுதுவார்கள். நம் மூக்குக்கு அது பச்சைத் தேங்காய் இல்லை, வெயிலில் காய்ந்த கொப்பரை. யூஜினால் என்ற பொருள் கிராம்பு மணம் தரும், கிராம்பிலும் இருப்பது அதேதான். மரத்தின் சர்க்கரைகள் கருகிக் காரமெல் வாசனை வரும். டானின் துவர்ப்பைக் கொடுத்து, மால்ட்டின் இனிப்பு வழுக்கிக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்தும். மரம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடும். அந்தக் காற்றுதான் கூர்மையான கருகலை மழுக்கி, உலர்பழ வாசனையை எடுத்துக்கொடுக்கிறது. இத்தனைக்கும் மாதங்கள் ஆகும். ஒரு குவார்ட்டரை ஊற்றி ஒரு நிமிஷத்தில் இதை வரவழைக்க யாராலும் முடியாது.

இதில் எனக்குப் பிடித்த கதை ஸ்காட்லாந்தின் இன்னிஸ் அண்ட் கன் கதை. அது 2003இல் தொடங்கிய கம்பெனி. வில்லியம் கிராண்ட் என்ற விஸ்கி நிறுவனம், தன் பீப்பாய்களுக்கு பீர் மணம் ஏற்ற வேண்டும் என்று பீர் காய்ச்சித் தரச் சொன்னது. பீரை ஊற்றி வைத்து, பிறகு கொட்டிவிட்டு, விஸ்கியை நிரப்புவது திட்டம். கொட்ட வேண்டிய பீரை அங்கே இருந்தவர்கள் குடித்துப் பார்த்தார்கள். பிரமாதமாக இருந்தது. பீப்பாய்க்குப் போட்ட சாமானே விற்பனைச் சரக்காகிவிட்டது.

கேள்வி: இது எவ்வளவு ஏறும்? (வாசகர், செல்லூர்)

பதில்: கணக்காகச் சொல்கிறேன். ஓலா டூ 8 சதவீதம். 330 மில்லி பாட்டிலில் சுமார் 26 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தியில் 60 மில்லி லார்ஜ் ஒன்றும் அதே அளவுதான். பர்பன் பீப்பாயில் வைத்தவை பலவும் 12 சதவீதத்தைத் தாண்டும், அப்போது அதே சின்ன பாட்டில் ஒன்றரை லார்ஜ் ஆகிவிடும். இனிப்பும் சாக்லேட் மணமும் இருப்பதால் தொண்டையில் எரிச்சல் தெரியாது, ஏமாந்துவிடுவோம். குடித்துவிட்டு வண்டியைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே சட்டப்படி குற்றம். ஒரே ஒரு பாட்டில் பலரை அந்தக் கோட்டுக்கு மேலே கொண்டுபோய்விடும்.

கேள்வி: சைடிஷ் என்ன? சுக்கா, கறிதோசை ஒத்துப்போகுமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: சுக்கா எனக்கு உயிர். ஆனால் இதோடு வேண்டாம். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் தூக்கிவிடும், மிளகும் சோம்பும் மூக்கை ஆக்கிரமித்துக்கொள்ளும். உதட்டு எண்ணெய் கிளாஸில் பட்டாலே இருக்கிற கொஞ்சம் நுரையும் செத்துவிடும். முதலில் பீரைக் குடித்து முடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, கறிதோசைக்குப் போகலாம்.

இதற்கென்று ஏதாவது கொறிக்க வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. நம்ப முடியாமல் பார்ப்பீர்கள், ஆனால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் கரையவிட்டு அதன்மேல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பால் கொழுப்பு கசப்பின் முனையை மழுக்கிவிடும், சுண்டின பாலின் மணமும் வறுத்த பார்லியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு சிட்டிகைதான். அள்ளிப் போட்டால் இனிப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். உப்புப் போடாத வறுத்த கடலையும் நல்ல ஜோடி. மிக்சர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு வந்த பாட்டில் புளித்தது. மோர் மாதிரி ஒரு புளிப்பு. மரத்தில் வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். (வாசகர், திருமங்கலம்)

பதில்: கறுப்பு ஸ்டவுட்டில் மோர்ப் புளிப்பு இருக்கக் கூடாது. மரத்தின் துளைகளில் லாக்டோபாசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஒளிந்துகொள்ளும். நன்றாகக் கழுவினாலும் முழுக்கப் போகாது. வேண்டுமென்றே புளிக்கவைத்த பீர் வகைகள் தனியாக உண்டு, அவற்றில் பாட்டிலிலேயே சொல்லியிருப்பார்கள். கூஸ் ஐலண்டுக்கே 2015 சரக்கில் ஒரு பகுதி இப்படிப் புளித்து, வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து சூடுகாட்டிக் கிருமி நீக்கிய பிறகே பாட்டிலில் அடைத்தார்கள். உங்கள் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். புளிப்பு இல்லாமல் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை மட்டும் வந்தால் அது கிருமி வேலை அல்ல, சூடு. மாடி அறை பீரோவில் ஒரு கோடையைக் கழித்த பாட்டில் இப்படித்தான் ஆகும். கெட்டியான கறுப்பு பீர் வருஷக்கணக்கில் நிற்கும் என்பது குளிர்ந்த நிலவறை உள்ள ஊருக்குப் பொருந்தும். மதுரையில் ஃப்ரிட்ஜ்தான் நிலவறை.

கேள்வி: குடியால் எத்தனை குடும்பம் அழிகிறது. எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். நீங்கள் போய் இதைப் புகழ்ந்து எழுதலாமா? (வாசகி, சிம்மக்கல்)

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அதே தெருக்களில்தான் நடக்கிறேன். காலையில் கடை திறக்கப் போகும்போது நடைபாதையில் விழுந்து கிடப்பவரைத் தாண்டித்தான் போகிறேன். அவர் வீட்டில் நேற்று ராத்திரி அடுப்பு எரிந்ததா என்ற கேள்வி வராமல் போவதில்லை. குடிக்காதவர் யாரும் இதைப் படித்துக் குடிக்கத் தொடங்க வேண்டாம், அதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். குடியை விட முடியாமல் தவிப்பவருக்கு மணம், ருசி என்ற பேச்சே உதவாது, அவருக்கு வேண்டியது மருத்துவர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே குடிப்பவர்களில் பலர், மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து மாதிரி ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்கிறார்கள். ருசிக்கு அங்கே இடமே இல்லை. ஒரு சின்ன பாட்டிலை மூன்று பேர் ஒரு மணி நேரம் பேசிப் பேசிக் குடித்துவிட்டு எழுந்து போகலாம் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் ஊரில் குறைவு. எப்படியும் குடிக்கப்போகிறவர் குறைவாக, மெதுவாகக் குடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உங்கள் கடிதத்தை மதிக்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு மரக்கடை. ஓக்தான் வேண்டுமா? நம் ஊர் மரத்தில் பீப்பாய் செய்ய முடியாதா? (வாசகர், விளாங்குடி)

பதில்: பீப்பாய்க்கு எடுக்கிற வெள்ளை ஓக்கில் ஒரு விசேஷம். மரத்துக்குள் நீர் ஏறுகிற குழாய்களை மரமே அடைத்துக்கொள்கிறது, அதனால் ஒழுகாது. அதே குடும்பத்துச் சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு இல்லை, ஒரு முனையில் ஊதினால் மறு முனையில் காற்று வரும். ஒழுகாமல், வளைத்தால் உடையாமல், கெட்ட வாசனை கொடுக்காமல் இருக்கிற மரம் எதுவானாலும் முயன்று பார்க்கலாம். பிரேசிலில் கஷாசா என்ற கரும்புச்சாற்று மதுவை அம்புரானா போன்ற உள்நாட்டு மரங்களில் வைக்கிறார்கள், இப்போது சில பீர் ஆலைகளும் அந்த மரத்தைத் தேடுகின்றன. சூட்டையும் மறக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் விஸ்கி பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூர் அம்ருத் ஆலையில் அது 10 சதவீதத்தையும் தாண்டுகிறது. மதுரை வெயிலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. குடிப்பழக்கம் இல்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதுகிற ஓக் மர வாசனை எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது. வழி உண்டா சார்? (வாசகி, மேலூர்)

பதில்: உண்டு, அதுவும் காப்பியிலேயே. வறுக்காத பச்சைக்கொட்டை சுற்றியுள்ள ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மூட்டைக்குப் பக்கத்தில் மிளகு வைத்தால்கூட ஏறிவிடும், அதனால்தான் குடோனில் நாங்கள் அவ்வளவு ஜாக்கிரதை. அந்தக் குணத்தையே பயன்படுத்தி, காலியான விஸ்கி பீப்பாயில் பச்சைக்கொட்டையைக் கொட்டி, அவ்வப்போது உருட்டி, சில வாரம் வைத்து, பிறகு வறுக்கிறார்கள். 200 டிகிரி சூட்டில் ஆல்கஹால் பறந்துவிடும். வெனிலாவும் கொப்பரையும் லேசான புகையும் தங்கிவிடும். இந்தியாவிலும் சில வறுவல்காரர்கள் இதைச் செய்து விற்கிறார்கள். ‘பேரல் ஏஜ்டு’ என்று போட்டிருப்பார்கள். ஆல்கஹாலின் சாயல்கூட வேண்டாம் என்பது உங்கள் கொள்கையானால் வாங்குவதற்கு முன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நடுத்தர வறுவலாகக் கேளுங்கள். கறுக்க வறுத்தால் கருகல் வாசனை மரத்தை விழுங்கிவிடும். தாண்டிக்குடி பக்கத்து அரபிகா மாதிரி மென்மையான கொட்டையில் பீப்பாய் மணம் நன்றாகத் தெரியும், ரொபஸ்டாவில் அமுங்கிப்போகும். பால் ஊற்ற வேண்டாம், முதல் தடவையாவது. டிகாஷனைக் கெட்டியாக இறக்காமல், வெந்நீர் சேர்த்துத் தெளிவாகப் போட்டு, கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். சிக்கரி கலந்த பொடியில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது.